நாரணாபுரம் கடைத்தெருவுக்கு ஒரு வெப்சைட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் இன்டர்நெட்டில் தேடக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்து இமெயில். பிறகு பாட்டு, படம், விளையாட்டு. இரண்டு மூன்று மாதங்களில் இவை எல்லாம் பழகிப் போன பின்னர், "இதை வைத்து வேறு என்னதான் செய்யலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். உங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு ஒரு வெப்சைட் அமைத்துக் கொடுங்கள். இதற்குப் புரோகிராமிங் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும், கடை கடையாக ஏறி இறங்கும் கால்களும் இருந்தால் போதும்.

எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். நான் பொறியியல் படித்துவிட்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது சிவகாசியை அடுத்த நாரணாபுரம் கடைகளை மனதில் வைத்து இப்படி ஒரு தளத்தை வடிவமைக்கத் தொடங்கினேன். அதில் எதிர்ப்பட்ட சிக்கல்களையும் அவற்றுக்கான தீர்வுகளையும் இங்கே தருகிறேன். மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் நாரணாபுரத்தில் உண்டு. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆர்டர் பட்டன் வைக்கலாமா?

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதில் இருந்து சிவகாசி வட்டாரத்தின் பெயர் ஊர் ஊராகப் பரவியது. பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் சேர்ந்துகொண்டன. இன்று தீபாவளி நெருங்கினால் வெளியூர்க் கார்களும் வேன்களும் இந்தச் சாலைகளில் வரிசையாக வரும். வருபவர்கள் பெரிய போர்டு உள்ள கடையில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே தள்ளியிருக்கும் சிறிய கடை அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்தச் சிறிய கடைக்காரருக்குத்தான் வெப்சைட் தேவை.

ஒரு கடைக்காரரிடம் என் யோசனையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி. அதுல ஆர்டர் போடுற பட்டன் உண்டா?" என்றார்.

"பட்டாசுக்கு அது கிடையாது அண்ணாச்சி."

"பட்டன் இல்லாம வெப்சைட் எதுக்கு? எல்லாரும் வச்சிருக்கானே!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் 2018-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்து ஒரு விரிவான தீர்ப்பு வழங்கியது. உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே பட்டாசு விற்கலாம். பிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது. பேரியம் உப்பு சேர்த்துத் தயாரிக்கக் கூடாது. சரவெடி கூடாது என்று அதில் உத்தரவிடப்பட்டது. பேரியத்தின் மீதான தடையை 2021-ல் நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. 2018 தீர்ப்பை அடுத்து சிவகாசியில் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று தேடினால் பட்டாசு வெப்சைட்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். "நீதிமன்ற உத்தரவுப்படி ஆன்லைன் விற்பனை இல்லை" என்று மேலே ஒரு வரி இருக்கும். கீழே பொருட்களைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டு, "விசாரணை" அல்லது "எஸ்டிமேட்" என்ற பட்டனை அழுத்தச் சொல்வார்கள். பிறகு போனில் பேசிப் பணத்தை அனுப்பச் சொல்வார்கள். பெயர் மாறினாலும் அந்தப் பட்டன் செய்யும் வேலை ஆர்டர் எடுப்பதுதான். நாளை ஒரு வழக்கு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். அவருடைய உரிமத்திற்கே ஆபத்து வரலாம். ஆகவே நான் வடிவமைக்கும் தளத்தில் பட்டாசுப் பக்கத்தில் கூடையும் இல்லை, எஸ்டிமேட்டும் இல்லை.

பட்டன் இல்லாததால் கிடைக்கும் லாபம்

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தீபாவளிக்கு முன் சிவகாசி பெயரைப் போட்டுப் போலி வெப்சைட்கள் முளைக்கின்றன. பாதி விலை, எழுபது சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்து, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகின்றன. 2024 தீபாவளிக்கு முன்னால் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இது பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. ஏமாந்தவர் சிவகாசியையே திட்டுகிறார். அடுத்த ஆண்டு உண்மையான கடைக்காரர் போன் செய்தாலும் நம்ப மறுக்கிறார்.

எனவே நம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் இப்படி ஓர் அறிவிப்பு இருக்க வேண்டும்: "இந்தத் தளத்தில் பட்டாசு ஆர்டர் எடுப்பதில்லை, பணம் வாங்குவதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்." பணம் வாங்கும் வசதியே இல்லாத தளத்தின் மூலம் யாரும் பணத்தை இழக்க முடியாது. படிப்பவர் மனதில் இது நம்பிக்கையை வளர்க்கும். நம்பியவர் காரை எடுத்துக்கொண்டு நேரில் வருவார். வந்தவர் பட்டாசோடு டீ, சாப்பாடு, பிள்ளைகளுக்கு நோட்டு, வீட்டுக்கு மளிகை என்று நாலு கடை ஏறுவார். கடைத்தெருவுக்குத் தேவை அதுதானே!

இதே காரணத்தால் யு.பி.ஐ. கியூ.ஆர். கோடு படத்தையும் தளத்தில் வைக்கக் கூடாது. அந்தப் படத்தை யாராவது காப்பி செய்து, தன் கோடை அதில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெரும் குழப்பம் வரும். கோடு கடைக் கல்லாவில் ஒட்டப்பட்டிருந்தால் போதும்.

என்னென்ன பக்கங்கள்?

வெப்சைட் அமைக்கும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்ய வேண்டாம். ஒரு பேப்பரை எடுத்து, வெளியூரில் இருந்து வருபவர் என்னென்ன கேட்பார் என்று எழுதுங்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது கடைப்பிடித்த முறை இது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் இருந்து அந்தத் தகவலை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். மக்கள் தினமும் கேட்கும் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. அதனால் அந்த மையம் பயன்பட்டது.

நாரணாபுரத்துக்கு நான் எழுதிய பட்டியல் இது.

1. கடைகள்: கடையின் பெயர், என்ன விற்கிறார்கள், திறக்கும் நேரம், விடுமுறை நாள், போன் நம்பர். பட்டாசுக் கடையானால் உரிம எண்ணும் அது முடியும் தேதியும். 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் ஒரு குறிப்பிட்ட இடத்திற்குத்தான் தரப்படுகிறது. எனவே கடை முகவரியும் உரிமத்தில் உள்ள முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரி பாருங்கள்.

2. வழி: சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இருந்தும் ரயில் நிலையத்தில் இருந்தும் எப்படி வருவது, காரை எங்கே நிறுத்துவது.

3. வாங்கும் முன்: பசுமைப் பட்டாசு என்றால் என்ன, பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும். நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய முறையில் தயாராகும் இவற்றில் புகைத்துகள் குறைந்தது 30 சதவீதம் குறைவு. பெட்டியில் அதற்கான முத்திரையும் கியூ.ஆர். கோடும் இருக்கும்.

4. வாங்கிய பின்: பட்டாசை ரயிலில் எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். தபாலிலும் அனுப்ப முடியாது. இதைத் தெரியாமல் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து, வாங்கிய பின் திண்டாடுபவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுவது கடைக்காரருக்கும் நல்லது.

5. தீபாவளி தவிர்த்த நாட்கள்: இது பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

விலைப் பட்டியலைப் போடுவதானால் கவனம் தேவை. பழைய பட்டியலை அப்படியே டைப் செய்தால் தடை செய்யப்பட்ட சரவெடியும் கூடவே வந்துவிடும். அதை நீக்கிவிட்டு, மேலே தேதியைக் குறிப்பிடுங்கள். தேதி இல்லாத விலைப் பட்டியலால் கடையில் சண்டைதான் வரும்.

தகவல்களை எக்ஸெலில் சேருங்கள்

கடை கடையாகச் சென்று வாங்கும் விவரங்களை நோட்டில் எழுதி வந்து எக்ஸெல் தொகுப்பில் டைப் செய்யுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு கடை. ஒரு நெடு வரிசைக்கு ஒரு தகவல். போன் நம்பரை டைப் செய்யும்போது ஒரு சின்ன தொல்லை வரும். சிவகாசியின் எஸ்.டி.டி. கோடு 04562. இதை அப்படியே டைப் செய்தால் எக்ஸெல் அதை எண் என்று நினைத்து, முன்னால் உள்ள பூஜ்யத்தை நீக்கிவிடும். முதலில் அந்த நெடு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் டைப் செய்தால் பூஜ்யம் நிற்கும்.

சிவகாசி வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை எழுத்துரு. இங்கே அச்சகங்கள் நிறைய. "எங்க கடை விவரம் எல்லாம் டி.டி.பி. சென்டர்ல ரெடியா இருக்கு" என்று பென் டிரைவில் பைலைக் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். பேஜ்மேக்கர், கோரல் டிரா தொகுப்புகளில் பழைய தமிழ் எழுத்துருக்களைப் பயன்படுத்தி அமைத்திருப்பதே காரணம். ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்திற்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அதைப் படிக்க இயலாது. கூகுளிலும் தேட முடியாது.

வெப்சைட்டுக்கு யூனிகோட் தமிழ்தான் வேண்டும். 1991-ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 2010-ல் தமிழக அரசும் இதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச கன்வர்ட்டர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். குறிப்பாக விலைகளைக் கடைக்காரரிடமே காட்டிச் சரி பார்த்துவிடுங்கள்.

முதல் பக்கத்தை நீங்களே எழுதலாம்

வெப் பக்கம் என்பது எச்.டி.எம்.எல். என்ற குறியீடுகள் சேர்ந்த சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். விண்டோஸில் உள்ள நோட்பேடிலேயே எழுதலாம். தலைப்பு, பத்தி, படம், லிங்க், அட்டவணை ஆகிய ஐந்துக்கும் உரிய குறியீடுகளைக் கற்றுக்கொண்டால் கடைத்தெரு தளத்திற்குப் போதும். சேவ் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக் குறிகளாக மாறிவிடலாம். முதல் பக்கத்தின் பைலுக்கு இன்டெக்ஸ் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, எச்.டி.எம்.எல். என்ற துணைப் பெயருடன் சேவ் செய்யுங்கள். அதன் மீது இருமுறை கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். இன்டர்நெட் இணைப்பே தேவையில்லை. எல்லாம் சரியான பின் சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம்.

படங்களில் தாராளம் வேண்டாம். போனில் எடுத்த போட்டோ 3 அல்லது 4 எம்.பி. இருக்கும். கடைக்கு ஒன்று வீதம் 40 படங்கள் என்றால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் வேறு தளத்திற்குப் போய்விடுவார். விண்டோஸில் உள்ள பெயிண்ட் தொகுப்பில் படத்தைத் திறந்து, ரீசைஸ் பட்டனை அழுத்தி, அகலத்தை 800 பிக்ஸல் எனக் குறைத்து, ஜே.பி.ஜி. ஆகச் சேவ் செய்யுங்கள். 100 முதல் 150 கே.பி.க்குள் அடங்கிவிடும். கடை வாசலும் போர்டும் தெரியும்படி ஒரே ஒரு படம் போதும். வருபவர் அடையாளம் காண்பதற்குத்தானே அது! பட்டாசுக் கடையில் எந்தப் படம் எடுப்பதானாலும் வெளியே நின்று எடுங்கள்.

நீங்கள் பெரிய திரையில் பக்கத்தை வடிவமைத்தாலும் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள். ஆகவே எழுத்து பெரியதாக இருக்கட்டும். போன் நம்பரை லிங்க் ஆக அமைத்தால் அதைத் தொட்டவுடன் அழைப்பு போகும்.

யார் பெயர் முதலில்?

இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது அல்ல. ஆனால் ஊர் வெப்சைட்கள் பாதியில் நிற்பதற்கு இது போதும். அகர வரிசையில் போட்டால் "அ"வில் தொடங்கும் கடைக்கு யோகம். பணம் கொடுத்தவரை முதலில் போட்டால் சிறிய கடைக்காரர் ஒதுங்கிவிடுவார். நான் தேர்ந்தெடுத்தது தெரு வரிசை. ரோட்டின் ஒரு முனையில் தொடங்கி, நடந்து போனால் எந்தக் கடை முதலில் வருமோ அந்த வரிசை. யாரும் குறை சொல்ல முடியாது. வருபவருக்கும் அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. எல்லாக் கடைக்கும் ஒரே அளவு இடம், ஒரே அளவு படம்.

பெயரும் செலவும்

தள முகவரி எடுக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் போதாது. நாரணாபுரம், நாராயணபுரம் என்ற பெயரில் வேறு ஊர்களும் உண்டு. சிவகாசி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாட் இன் முகவரி ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு. பைல்களை வைக்கும் சர்வர் இடத்திற்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000. கடைகள் 40 என்றால் ஒரு கடைக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்.

முகவரியை உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டாம். வேலைக்காக நீங்கள் நாளை வெளிநாடு போகலாம். வியாபாரிகள் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் இமெயில், போன் நம்பர் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்கும் தேதியைச் சங்கத்தின் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். காலாவதியான முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாரணாபுரம் கடைகளின் முகவரி என்று பல ஆண்டுகள் மக்கள் நம்பிய ஒன்று தீபாவளி நேரத்தில் மோசடிக்காரர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பாஸ்வேர்டை இரண்டு பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எல்லாப் பைல்களின் நகலும் ஒரு பென் டிரைவில் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும்.

மற்ற பதினோரு மாதங்கள்

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்துவிடும். தொழிலாளர் கையில் காசு குறையும். டீக்கடை முதல் துணிக்கடை வரை கல்லா இளைக்கும். வெப்சைட்டின் உண்மையான பயன் அப்போதுதான் தெரியும். இந்த வட்டாரத்தின் அச்சுத் தொழிலுக்கு இணையத் தடை எதுவும் கிடையாது. தினசரி காலண்டர், டைரி, திருமண அழைப்பிதழ், நோட்டு ஆகியவற்றை எங்கிருந்தும் ஆர்டர் செய்யலாம், பார்சலில் அனுப்பலாம். ஆர்டர் பட்டன் கேட்ட அண்ணாச்சியிடம் நான் சொன்னதும் இதுதான். பட்டன் வரும், ஆனால் காலண்டர் பக்கத்தில் வரும். சிவகாசியில் ஆடி 18 அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அந்த நாளை ஒட்டி முதல் பக்கத்தை மாற்றினால், பட்டாசு சீசனுக்கு முன்பே தளத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் பிளாக்ஸ்பர்க் என்ற சிறிய ஊரில், 1993-லேயே பல்கலைக்கழகமும் நகராட்சியும் தொலைபேசி நிறுவனமும் சேர்ந்து ஊர் முழுவதையும் இணையத்தில் கொண்டுவந்தன. உள்ளூர்க் கடைகளும் அதில் இடம் பெற்றன. அதற்குப் பெரிய நிறுவனங்கள் தேவைப்பட்டன. இன்று உங்கள் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரும் ஓர் இணைய இணைப்பும் போதும்.

ஆனால் தளத்தை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாதம் ஒரு நாள் ஒதுக்கி, கடைகளுக்குப் போன் செய்து நேரமும் நம்பரும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மூடிய கடையை நீக்குங்கள். உரிமம் முடிந்த பட்டாசுக் கடையைப் புதுப்பிக்கும் வரை பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். தளத்தை நம்பி வெளியூரில் இருந்து குடும்பத்தோடு கிளம்பி வருபவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

உங்கள் ஊரில் பட்டாசுக்குப் பதில் பால்கோவா இருக்கலாம், பாய் இருக்கலாம், பூட்டு இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தெருமுனையில் உள்ள முதல் கடையில் தொடங்குங்களேன். பத்துக் கடை விவரம் சேர்ந்தவுடன் நோட்பேடைத் திறக்கலாம்.